வரைந்த கையிலேயே இருக்கட்டும்: சித்திரக்கதை வரையும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தங்கைகளே,

செல்போனிலும் டேப்லெட்டிலும் நாலு கட்டம் போட்டு நீங்கள் வரைந்து வெளியிடுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். காஸ் சிலிண்டர் தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, மாமனாரின் செய்திச் சேனல், பால் பொங்கும் நேரம் பார்த்து வருகிற அலுவலக போன் என்று உங்கள் கட்டங்களுக்குள் வராத வீட்டு விஷயமே இல்லை. வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். உங்களில் சிலரிடம் நேரிலும் பேசியிருக்கிறேன். அப்போது கேட்ட இரண்டு பதில்கள்தான் இந்த மடலை எழுத வைக்கின்றன. ஒன்று: "சும்மா வரையறேன் அக்கா, வீட்டுக் கதைதானே." இன்னொன்று: "விளம்பரத்துக்குக் கேட்டாங்க, பெயர் போடறோம்னாங்க, கொடுத்துட்டேன்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் வாழ்நாள் முழுக்கச் சொல்லாத ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் பெயர் மாச்சிகோ ஹாசெகாவா. ஜப்பானில் நாளிதழ்ச் சித்திரக்கதை வரைந்தவர். 1946-ல் தொடங்கி 1974 வரை ஒரே குடும்பத்தை வைத்து 6,477 நாலு கட்டக் கதைகள் வரைந்தார். அந்தத் தொடரின் பெயர் 'சசாயே சான்'.

நம் ஊரில் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற எதையும் "கன்னித்தீவு மாதிரி" என்கிறோம். தினத்தந்தியில் 1960-ல் தொடங்கிய ஒரு படக்கதை அப்படி அன்றாடப் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜப்பானில் அந்த உரிமையோடு வீட்டுக்குள் வந்தது சசாயே சான். ஆனால் அதில் சிந்துபாத் இல்லை, மந்திரவாதி இல்லை, சாகசம் என்று எதுவும் இல்லை. சசாயே என்ற இளம்பெண், அவள் அப்பா நமிஹேய், அம்மா ஃபுனே, தம்பி கட்சுவோ, தங்கை வகாமே, பிறகு வந்து சேர்ந்த கணவர் மசுவோ, குழந்தை தராவோ. ஒரே கூரை, மூன்று தலைமுறை. அரிசி வாங்குவதும் குடையை மறந்துவிட்டு வருவதும்தான் கதை.

மாச்சிகோ 1920 ஜனவரி 30 அன்று சாகா மாவட்டத்தில் பிறந்தார். வளர்ந்தது ஃபுகுவோகாவில். மூன்று பெண் பிள்ளைகளில் நடுப்பிள்ளை. மூத்தவர் மரிகோ, இளையவர் யோகோ. மாச்சிகோவுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அடுத்த வருடமே அம்மா மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். 1934-ல் கணவரை இழந்த ஒரு பெண் எடுத்த முடிவு இது. பெண்களைக் கட்டிக்கொடுத்துக் கடமையை முடிக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மூத்தவளை ஓவியம் படிக்க அனுப்பினார். நடுப்பெண் "தகாவா சுய்ஹோவிடம் சிஷ்யையாகச் சேர வேண்டும்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்ததும் அதற்கும் வழி பண்ணினார்.

தகாவா சுய்ஹோ அன்றைய ஜப்பானில் சாதாரணப் பெயரில்லை. ராணுவத்தில் சேர்ந்த தெருநாய் 'நொராகுரோ'வின் கதையை வரைந்து ஊரெல்லாம் பிள்ளைகளைக் கட்டிப்போட்டவர். அவர் மாச்சிகோவைச் சேர்த்துக்கொண்டார். 1935-ல், பதினைந்து வயதில், சிறுமிகளுக்கான மாத இதழ் ஒன்றில் மாச்சிகோவின் முதல் சித்திரக்கதை அச்சாகிவிட்டது. நடுவில் குரு வீட்டிலேயே தங்கிப் படிக்கவும் போனார். வீட்டு நினைப்புத் தாங்காமல் திரும்பி வந்துவிட்டார். வெளியே தங்கிக் கற்றுக்கொள்ள முடியாத பெண் எதையும் சாதிக்க முடியாது என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அவருக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டில் இருந்துகொண்டேதான் எல்லாவற்றையும் வரைந்தார்.

போர் வந்தது. 1944-ல் குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் மறுபடி ஃபுகுவோகாவுக்குப் போனது. மாச்சிகோ அங்கே ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மரிகோவின் கணவர் இம்பால் போரில் இறந்தார். நம் மணிப்பூரின் மலைகளில் ஆயிரக்கணக்கான ஜப்பானியச் சிப்பாய்கள் பசியிலும் நோயிலும் மாண்டுபோன அதே படையெடுப்பு. பின்னாட்களில் யோகோவும் கணவரை நோய்க்குப் பறிகொடுத்தார். மாச்சிகோ கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆக, ஹாசெகாவா வீடு என்பது ஓர் அம்மா, மூன்று பெண்கள், பிறகு யோகோவின் இரண்டு மகள்கள். ஆண் துணை இல்லாத அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கோபக்கார அப்பாவும் குறும்புக்காரத் தம்பியும் சாதுவான கணவரும் நிறைந்த ஒரு வீட்டை வருடக்கணக்காக அவர் வரைந்தார். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். "நடந்ததை அப்படியே வரைகிறேன்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். தனக்கு வாய்க்காததையும் சேர்த்துத்தான் அவர் வரைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

போர் முடிந்த மறு வருடம், ஃபுகுவோகாவின் மாலை நாளிதழான 'ஃபுகுநிச்சி' அவரிடம் ஒரு தொடர் கேட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் மொமொச்சி கடற்கரை. அங்கே நடந்து திரிந்தபோதுதான் பாத்திரங்களுக்குப் பெயர் வைத்தார். கரையில் கிடைக்கும் சங்கு, சூரை மீன், கடற்பாசி, அலை, படகு எல்லாம் மனிதர்களாகிவிட்டன. மருமகனுக்குப் பேத்தை மீனைக் குடும்பப் பெயராக்கினார். முதல் கதை 1946 ஏப்ரல் 22 அன்று வெளியானது. நாடு தோற்றுப்போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நகரம் எரிந்து கிடக்கிறது, அரிசி ரேஷனில், துணி ரேஷனில், தெருவில் அமெரிக்கச் சிப்பாய்களின் ஜீப். அந்த நேரத்தில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து, சுருட்டை முடியும் அவசர நடையுமாக, வாயைத் திறந்து சிரிக்கிற ஒரு பெண்ணை வரைகிறாள். அடக்கமான ஜப்பானியப் பெண் என்று அதுவரை படம் பிடித்து மாட்டியிருந்த எதிலும் சசாயே அடங்கவில்லை. சத்தம் போடுவாள், தவறு செய்வாள், தம்பியைத் துரத்துவாள், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று பேசுவாள். ஆரம்பக் கதைகளில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்கும் போனாள்.

தொழில் பேசுகிறவர்களாக இருப்பதால் இந்த நாலு கட்டத்தைப் பற்றி ஒரு விஷயம். ஜப்பானிய நாளிதழில் நாலு கட்டம் மேலிருந்து கீழே ஒரே பத்தியாக இறங்கும். முதல் கட்டம் ஆளையும் இடத்தையும் காட்டும். இரண்டாவது அதைக் கொஞ்சம் நகர்த்தும். மூன்றாவதில் ஏதோ ஒன்று திசை மாறும். நாலாவது முடித்து வைக்கும். கேட்பதற்கு எளிது. கஷ்டம் மூன்றாவது கட்டத்தில்தான். நம்மில் பலர் நாலாவது கட்டத்தில் வசனம் எழுதி அதற்குள் சிரிப்பை அடைக்கிறோம். மாச்சிகோவின் பல கதைகளில் நாலாவது கட்டத்தில் வசனமே இருக்காது. ஆள் திரும்பி ஓடுகிற முதுகு, தலையைச் சொறிகிற கை, அவ்வளவுதான். மூன்றாவது கட்டத்திலேயே வேலை முடிந்திருக்கும். கோடும் அப்படித்தான்: பின்னணியில் ஒரு கதவு, ஒரு அடுப்பு, தேவைப்பட்டால் ஒரு மரம். நாளிதழின் மட்டமான தாளில், தேய்ந்த அச்சில் வந்தாலும் யார் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரின் தலைமுடியையும் நிழலுருவிலேயே அடையாளம் தெரியும்படி செய்திருக்கிறார். சசாயேவின் மூன்று கொத்துச் சுருட்டையும் நமிஹேயின் உச்சந்தலையில் நிற்கும் ஒற்றை முடியும் அப்படி வந்தவை.

வீட்டுக் கதைக்குள் எவ்வளவு நாட்டு நடப்பு ஏறும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மசுவோ ஏன் மாமனார் வீட்டில் இருக்கிறார்? ஜப்பானிலும் அது சாதாரண ஏற்பாடு இல்லை. நாம் "வீட்டோட மாப்பிள்ளை" என்று ஒரு மாதிரி சொல்வோமே, அந்த மாதிரிதான். கல்யாணமான புதிதில் சசாயேவும் மசுவோவும் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். அடுப்பெரிக்க விறகு இல்லை. மசுவோ என்ன செய்தார்? வீட்டுக்காரரின் மரவேலியை ரம்பம் போட்டு அறுத்துவிட்டார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டார். இருவரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு போகவே இல்லை. போருக்குப் பிந்தைய எரிபொருள் பஞ்சமும் வீட்டுப் பஞ்சமும் ஒரு வேலிக்குள் அடங்கிவிட்டன. தலையங்கம் எழுதுகிறவர் இதே விஷயத்துக்கு ஒரு பக்கம் கேட்பார்.

மாச்சிகோ டோக்கியோவுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், 1946-லேயே சசாயேவுக்குக் கல்யாணம் செய்துவைத்துத் தொடரை முடித்தார். அக்காலத்தில் பெண்ணின் கதை கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் வாசகர்களும் பத்திரிகைகளும் விடவில்லை. தொடர் மறுபடி வந்தது, கல்யாணமானவளாகவே சசாயே தொடர்ந்தாள். 1949 இறுதியில் நாட்டின் பெரிய நாளிதழ்களில் ஒன்றான அசாஹி ஷிம்புனின் மாலைப் பதிப்புக்குப் போனது. 1951 ஏப்ரலில் காலைப் பதிப்புக்கு ஏறியது. அந்த இடத்தில் அதுவரை வந்துகொண்டிருந்தது அமெரிக்காவின் 'பிளாண்டி'. பெரிய குளிர்பதனப் பெட்டியும் அடுக்கடுக்கான சான்ட்விச்சுமாக ஓர் அமெரிக்கக் குடும்பம். பசித்த ஜப்பானியர்கள் ரேஷன் வரிசையில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தாழ்ந்த மேசையில் சாப்பிடுகிற ஒரு குடும்பத்தை அங்கே வைத்தார்கள். அந்த வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் வாஷிங் மெஷினும் வருடங்கள் போகப் போக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வாசகர் வீட்டுக்கு வந்த அதே வேகத்தில். இருபத்தெட்டு வருட ஜப்பானின் வீட்டுச் சரித்திரம் எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது. "வீட்டுக் கதைதானே" என்று இனிமேல் சொல்லாதீர்கள், தங்கைகளே. உங்கள் சிலிண்டரும் வாட்ஸ்அப் குழுவும் முப்பது வருடம் கழித்து வேறு எங்கே கிடைக்கும்?

எனக்கு அவரிடம் ஒரு குறையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. வேலைக்குப் போன சசாயேவை அவர் தொடர்ந்து வேலைக்கு அனுப்பவில்லை. காலப்போக்கில் அவள் முழுநேர இல்லத்தரசியாகி, குடும்பத் தலைவர் அப்பாவாகவே இருந்துவிட்டார். தானும் தன் அக்கா தங்கையும் சம்பாதித்துக் குடும்பம் நடத்திய ஒருவர், தன் நாயகிக்கு அந்த வாழ்க்கையைக் கொடுத்திருக்கலாம். நாளிதழ் வாசகர் கூட்டம் எதைத் தாங்கும் என்று அவர் கணித்திருக்கலாம். எப்படியிருந்தாலும் அது எனக்கு வருத்தம்தான். அந்த இடத்தில் நீங்கள் அவரைத் தாண்டிப் போகலாம். உங்களில் சிலர் ஏற்கெனவே போய்விட்டீர்கள்.

இப்போது இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1946-ல் அம்மா ஒரு முடிவெடுத்தார். ஃபுகுவோகா வீட்டை விற்றுவிட்டு டோக்கியோவுக்குப் போய், அந்தப் பணத்தில் மாச்சிகோவின் கதைகளைத் தாங்களே புத்தகமாகப் போடுவது. மூன்று சகோதரிகளும் சேர்ந்து பதிப்பகம் தொடங்கினார்கள். பெயர் 'ஷிமாய்ஷா': அக்கா தங்கை பதிப்பகம். மரிகோ நிர்வாகம் பார்த்தார். முதல் தொகுதி 20,000 பிரதி அச்சடித்தார்கள். படங்கள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அகலவாக்கில், பெரிய அளவில் போட்டுவிட்டார்கள். புத்தகக் கடைக்காரர்களுக்கு அந்த அளவு பிடிக்கவில்லை. அலமாரியில் நிற்கவில்லை, நீட்டிக்கொண்டிருந்தது. கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. வீடு விற்ற காசு அத்தனையும் விற்காத தாளாகி வீட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ஏதாவது பெரிய பதிப்பகத்தின் கதவைத் தட்டி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்திருப்பார்கள். இவர்கள் கடன் வாங்கி இரண்டாவது தொகுதியைப் போட்டார்கள், இந்த முறை கைக்கு அடக்கமான சின்ன அளவில். அது ஓடியது. முதல் தொகுதியையும் அதே சின்ன அளவில் திரும்ப அச்சடித்தார்கள், அதுவும் ஓடியது. அதன்பிறகு 68 தொகுதிகள் அந்தச் சின்னப் பதிப்பகத்திலிருந்தே வந்தன. கோடிக்கணக்கான பிரதிகள் விற்றன. எங்கே தவறு என்று பார்த்தால் கதையில் இல்லை, தாளின் அளவில். இதைப் பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் கட்டி வயதானவள் என்ற முறையில் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். புத்தகம் விற்கவில்லை என்றால் முதலில் உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள். அட்டையை, அளவை, விலையை, அது கடையில் எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

உரிமை கையில் இருந்ததால்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது. ஒரு பஸ் கம்பெனி தன் சுற்றுலா பஸ்களுக்குச் சசாயேவின் பெயரை வைத்து, சசாயே, கட்சுவோ, வகாமே மூவரின் முகத்தையும் பஸ்ஸின் பக்கவாட்டில் வரைந்து ஓட்டியது. அனுமதி கேட்கவில்லை. மாச்சிகோ வழக்குப் போட்டார். அந்தப் பஸ்ஸில் இருந்த முகம் எந்த நாள் கதையின் எந்தக் கட்டத்திலிருந்து எடுத்தது என்று யாராலும் காட்ட முடியாது. பொதுவாக வரைந்த முகம்தான். ஆனாலும் 1976-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குறிப்பிட்ட கட்டத்தைக் காட்ட வேண்டியதில்லை, பார்த்தவுடன் இது சசாயே என்று யாருக்கும் தெரிகிறது என்றால் அது அவருடைய படைப்பைப் பயன்படுத்தியதுதான் என்றது. ஒரு கோடியே 80 லட்சம் யென்னுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. சித்திரக்கதைப் பாத்திரங்களின் உரிமை பற்றி ஜப்பானிய வழக்கறிஞர்கள் இன்றும் பேசுகிற வழக்கு அது. "பெயர் போடறோம்னாங்க" என்று நீங்கள் சொன்னபோது எனக்கு இந்தப் பஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1969 அக்டோபர் 5-ல் சசாயே சான் தொலைக்காட்சிக் கார்ட்டூனாகத் தொடங்கியது. ஞாயிறு மாலை ஆறரை மணி. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே அதிக காலம் ஒளிபரப்பான கார்ட்டூன் தொடர் என்று கின்னஸ் 2013-ல் பதிவு செய்தது. ஞாயிறு மாலை அதன் முடிவுப் பாட்டைக் கேட்டதும் "நாளைக்கு வேலைக்குப் போகணுமே" என்று மனசு சோர்ந்துபோவதை ஜப்பானியர்கள் 'சசாயே சான் நோய்' என்றே சொல்கிறார்கள். நாளிதழில் இருந்த காரம் தொலைக்காட்சியில் நிறையக் குறைந்துவிட்டது. ரேஷன் வரிசையும் கள்ளச்சந்தையும் போய், நல்ல குடும்பத்தின் இனிமையான மாலைப்பொழுதாகிவிட்டது. இன்றைய ஜப்பானிய இளைஞர்களுக்கு அதுதான் தெரியும். நீங்கள் அவரைத் தேடிப் போனால் நாளிதழ்க் கதைகளைத் தேடிப் போங்கள்.

இனிமையான குடும்பத்தை மட்டுமே வரைந்து அவருக்கும் சலித்திருக்க வேண்டும். 1966-ல் ஒரு வார இதழில் 'பொல்லாத பாட்டி' என்ற தொடரைத் தொடங்கினார். மருமகளை வம்புக்கு இழுப்பது, பக்கத்து வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வது, நல்லவர் வேஷம் போடுகிறவரின் வேஷத்தைக் கலைப்பதுதான் பாட்டியின் முழுநேர வேலை. எனக்கு சசாயேவைவிடப் பாட்டியைத்தான் அதிகம் பிடிக்கும். தொலைக்காட்சி நாடகத்தில் அந்தப் பாட்டியாக நடித்த யூக்கியோ அவோஷிமா என்ற ஆண் நடிகர், 1995-ல் டோக்கியோவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாளிதழுக்குத் தினமும் வரைவது உடம்பை உருக்கும் வேலை. காலையில் பால்காரர் வருகிற மாதிரி கதை வந்து நிற்க வேண்டும். ஜுரம், துக்கம், மூளை வறண்டுபோன நாள் எதுவும் வாசகருக்குத் தெரியாது. மாச்சிகோ அதைச் சகித்துக்கொண்டே சாகவில்லை. முடியாதபோது நிறுத்தினார். சசாயே சானுக்கு நடுநடுவே இடைவெளிகள் உண்டு. 1967-ல் வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை. புற்றுநோய் என்பதை வீட்டில் அவருக்குச் சொல்லவே இல்லை. பிழைத்து வந்து மறுபடி வரைந்தார். 1974 பிப்ரவரி 21-க்குப் பிறகு சசாயே சான் வரவில்லை. ஓய்வில் இருக்கிறார் என்றார்கள். அந்த ஓய்வு முடியவே இல்லை. பிரியாவிடைக் கதை இல்லை, கடைசிக் கட்டத்தில் கும்பிட்டு விடைபெறும் குடும்பம் இல்லை. அப்போது அவருக்கு 54 வயது. புகழின் உச்சியில், பத்திரிகை இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேனாவை வைத்துவிட்டார். வேறொருவர் கையில் கொடுத்துத் தொடரச் சொல்லவும் இல்லை. தினமும் பதிவு போடவில்லை என்றால் ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்ற பயத்தில் மணிக்கட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு வரைகிற உங்களிடம் இதைத்தான் சொல்ல விரும்பினேன். நிறுத்தலாம். அவர் நிறுத்தி ஐம்பது வருடமாகிவிட்டது, யாரும் மறக்கவில்லை.

தன் குடும்பக் கதையையும் அவரே வரைந்தார். அம்மாவின் பிடிவாதம், திரும்பி வந்த புத்தகக் கட்டு எல்லாம் அதில் உண்டு. அதை வைத்து ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1979-ல் அக்கா மரிகோவை நடுநாயகமாக்கிக் காலை நாடகத் தொடர் எடுத்தது. சகோதரிகள் சேர்த்த ஓவியங்களையும் கலைப்பொருட்களையும் வைத்து 1985-ல் டோக்கியோவின் சகுராஷின்மாச்சியில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். விளம்பர வெளிச்சத்துக்கு அவர் வரமாட்டார். பேட்டி என்றாலே ஒதுங்கிக்கொள்வார். மூன்று சகோதரிகளின் ஒற்றுமையும் கடைசிவரை அப்படியே நீடிக்கவில்லை. இளையவர் யோகோ பிற்காலத்தில் பிரிந்து போய்த் தனியே பதிப்பகம் தொடங்கினார். எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள், ஒரே கைக்குள் வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பணமும் உறவும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், கணக்கைத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்வது உறவுக்கும் நல்லது.

1992 மே 27 அன்று, 72 வயதில், மாச்சிகோ இதயம் நின்று இறந்தார். ஆடம்பரமான இறுதிச் சடங்கு கூடாது, எல்லாம் முடியும்வரை வெளியே சொல்லவும் கூடாது என்பது அவர் விருப்பம். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் நாட்டுக்குத் தெரிந்தது. ஜூலையில் அரசாங்கம் அவருக்கு மக்கள் மாண்பு விருது அளித்தது. மறு வருடம் ஷிமாய்ஷா மூடப்பட்டது. தலைப்பு, புத்தகத்தின் அளவு, பஸ்ஸில் வரைந்த முகம், ஓய்வெடுக்கும் நாள், தன் மரணச் செய்தி என்று எல்லாவற்றிலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொண்ட பெண் அவர்.

அவருக்கு ஓர் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. நீங்களாக வரைந்தது முதலில் உங்களுக்கே சொந்தம். மாதச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் வரைந்தால் கதை வேறு. அதைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து வேண்டும். போனில் "சரிங்க" என்று சொன்னதற்காக உரிமை கைமாறிவிடாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாட்டுக்குள், எவ்வளவு பணம் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகையால் "காலவரையின்றி", "உலகம் முழுக்க", "இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் கண்ணில் பட்டால், அவை தானாக வந்து விழுந்தவை அல்ல. யாரோ யோசித்து எழுதியவை. நீங்களும் யோசித்து அடிக்கலாம். நாளிதழில் ஒரு முறை அச்சிட உரிமை கொடுப்பது வேறு. அந்தப் பாத்திரத்தைக் காபிக் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் போட உரிமை கொடுப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு கேளுங்கள்.

சசாயே சானின் நாளிதழ்க் கதைகளில் ஒரு பகுதி, ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் சேர்த்து, 12 தொகுதிகளாக வந்திருக்கிறது. பழைய பிரதிகள் கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். கையில் ஏதாவது ஒப்பந்தம் இருந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கூட உட்கார்ந்து படிக்க ஒரு ஆள் வேண்டும் என்றால் எனக்கு அனுப்புங்கள். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். இன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்களிடம், வீட்டில் அக்காவைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா